2000 ஆர்.பி.எம். முழக்கம்: ஷீட்டுக்கு அடங்காதது ஸ்டாப்பருக்கு அடங்கியது

என் ஹேட்ச்பேக் காரில், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றை (ஆர்.பி.எம்.) ஒட்டிக் காதை அடைத்துவந்த முழக்கம் ஒருவழியாக அடங்கிவிட்டது. நான்கு கதவுகளிலும் தரையிலும் பியூட்டைல் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற ஒட்டுப்பட்டை) ஒட்டியதில் தகர ஓசை போனதே தவிர, இந்த முழக்கம் மட்டும் துளியும் குறையவில்லை.

ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றினால் அது உடனே நின்றுவிடும். வண்டியை நிறுத்திவைத்து அதே ஆர்.பி.எம்.முக்கு ஏற்றினால் மெலிதாகத் திரும்பும். ஆகவே டயரையும் காற்றையும் விட்டுவிடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிவதால், 2000 சுற்றுக்குக் கணக்கு ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸ். ஒலியை அளக்கும் கைபேசிச் செயலியிலும் ஓசையின் முகடு அங்கேதான் நின்றது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள கேபினின் முதல் ஒத்ததிர்வும் 69 ஹெர்ட்ஸ் பக்கம் அமைவதால், சிறு தூண்டுதலே போதும். இதை 'ஏ' வெயிட்டிங்கில் (காதின் உணர்திறனுக்கேற்ப அலைவெண்வாரியாக அளவைத் திருத்தும் முறை) அளப்பது வீண்வேலை: 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபலைக் கழித்துவிடும், 'சி' ஒரு டெசிபலைக்கூடக் கழிக்காது. ஷீட் ஒட்டி மூன்று டெசிபல் குறைத்ததாகப் பெருமைப்படுபவர்கள் எந்த வெயிட்டிங்கில் அளந்தார்கள் என்பதையும் சொன்னால் நல்லது.

பின்னிருக்கையில் இருந்த நண்பர் டிக்கிக் கதவை உள்ளங்கையால் அழுத்தியதும் முழக்கம் தணிந்தது. ஷீட் தகடு வளைந்து அதிர்வதைத்தான் அடக்கும். இங்கேயோ கதவு முழுவதும் ஸ்பீக்கர் கூம்பைப் போல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. மூலைகளில், மூடிய கதவைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் ஸ்டாப்பர்களில் காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் காகிதம் கிழிந்தது. வலப்பக்கம் தடையின்றி வழுக்கி வந்தது. அந்த ஸ்டாப்பரைக் கால் சுற்று வெளியே திருகுவது, மூடுவது, இழுப்பது என்று காகிதம் இறுகப் பிடிபடும்வரை தொடர்ந்தேன். பேராசைப்பட்டு அதற்கு மேலும் திருகினால் கதவை அறைந்துதான் மூட வேண்டிவரும். இடுக்கு இடைவெளியும் கோணும். இப்போது 'சி' வெயிட்டிங்கில் முகடு ஏழெட்டு டெசிபல் இறங்கியிருக்கிறது.

ஷீட் வாங்குவோர் மலிவுக்காக அஸ்பால்ட் கலந்ததை எடுத்துவிட வேண்டாம்; வெயிலில் இளகித் தார் வாடை வீசும். எனக்கு மீந்த பியூட்டைல் ஷீட் பின் வீல் ஆர்ச்சுகளுக்கு (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுத் தகடுகள்) போகிறது. 200 ஹெர்ட்ஸை ஒட்டி டயரின் உள்காற்று எழுப்பும் ரீங்காரம் தனி வழக்கு, அதற்கு ஷீட் பெரிதாக உதவாது என்றாலும் கல் தெறிக்கும் ஓசையாவது குறையும். டிக்கிக் கதவின் உட்பக்க மூடியான டிரிம்மை இன்னும் மாட்டவில்லை. கழற்றும்போது உடைந்த கிளிப்புகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.