கொஞ்ச நாள்தானே, மிஸ்

அவனிடம் நான் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்ததை சக பள்ளி ஆலோசகர்கள் யாரிடம் சொன்னாலும் "கடைசியில் சொல்லிவிட்டீர்களா, இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கல்வியாண்டின் நடுவில் எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தவன். வேற்றூரிலிருந்து வீடும் பள்ளியும் ஒருசேர மாறி வரும் பிள்ளைகளிடம் வழக்கமாகத் தெரியும் எதுவும் இவனிடம் இல்லை. காலையில் வயிற்றுவலி இல்லை, கழிப்பறையில் போய் அழுவது இல்லை, மதிப்பெண் சரிவு இல்லை. "இவ்வளவு சீக்கிரம் பொருந்திப்போன பையனை நான் பார்த்ததே இல்லை" என்றார் வகுப்பாசிரியர். எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். பக்கத்தில் உட்காருகிறவன் பெயர்கூட அவனுக்குத் தெரியவில்லை. எந்த விளையாட்டு அணியிலும் சேரவில்லை. ஏன் என்று கேட்டால், "பரவாயில்லை மிஸ், கொஞ்ச நாள்தானே" என்பான்.

அந்தக் "கொஞ்ச நாள்" என்ன என்று ஒரு மதியம் தெரிந்தது. பேசி முடித்து எழுந்தவன், கதவருகே நின்று கேட்டான்.

"மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் தருவார்கள், மிஸ்? அடுத்த வருடம் நாங்கள் திரும்பிப் போகும்போது தாமதமாகிவிடக் கூடாது."

அவனுடைய சேர்க்கைப் படிவம் என்னிடம் இருந்தது. நிரந்தர இடமாற்றம் என்று அவன் அப்பாவே தன் கையால் எழுதியிருந்தார். பழைய வீட்டை விற்றாகிவிட்டது என்பதும் அவர் பேச்சுவாக்கில் சொல்லித் தெரியும்.

"சில நாளில் கிடைத்துவிடும்" என்று சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அலுவலகத்தில் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அதைவிடச் சுத்தமான பொய்யும் இருக்க முடியாது. நான் சொன்னது வேறு: "அதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை பேசிவிடு."

"ஏன்?" என்றான்.

அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. "சரி மிஸ்" என்று போய்விட்டான்.

மறுநாள் அப்பா வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஆண்டுத் தேர்வு முடியட்டும், விடுமுறையில் பக்குவமாகச் சொல்லலாம் என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்களாம். "என் பிள்ளைக்கு எதை எப்போது சொல்வது என்பது எங்கள் பொறுப்பு இல்லையா, மேடம்?" என்றார். ஆமாம், அவர்கள் பொறுப்புதான். ஆனால் அவன் கேட்டது என்னிடம்.

எனக்கு ஆதரவாக ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஆறுதலை விடக் குழப்பமே மிஞ்சியது. 1971 முதல் 1997 வரை டென்மார்க்கில் பிறந்த பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சிறுவயதில் வீடு மாறியவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் சிக்கல்கள் அதிகம், அதிலும் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்குள் மாறியவர்களுக்கு மேலும் அதிகம் என்கிறது அது. வசதியான குடும்பம், வசதியற்ற குடும்பம் என்ற வித்தியாசமும் பெரிதாக இல்லை. இவனுக்கு வயது பதின்மூன்று. அந்தப் பதிவேட்டில் முகவரி மாறிய தேதி இருக்கிறது. மாறப்போவதை அந்தப் பிள்ளையிடம் யார், எப்போது, எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பெற்றோர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஹோம்ஸ், ராஹே என்ற இரு மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கை மாற்றங்கள் ஒவ்வொன்றும் மனிதரை எவ்வளவு அழுத்தும் என்று மதிப்பெண் போட்டுப் பட்டியலிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. வீடு மாறுவதற்கு 20, பள்ளி மாறுவதற்கு 20. பெரியவர்களைக் கேட்டுப் போட்ட மதிப்பெண் அது. பெரியவர்களுக்கு வீடு என்பது வாடகை, கடன், அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்கு. அந்த அப்பாவும் மனதுக்குள் ஏறக்குறைய இருபது என்றுதான் போட்டிருப்பார். மற்ற நாற்பது கவலைகளுக்கு நடுவே, "ஒரு வருடத்துக்குத்தான்" என்று சொன்னால் பிள்ளை அழாமல் வண்டியில் ஏறுவான் என்றால், அந்த இடத்தில் நானும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் அழாமல் வண்டியில் ஏறியதுதான் எனக்குச் சிக்கலாகத் தெரிகிறது. திரும்பிவரப் போகிறவன் யாரிடமும் விடைபெற வேண்டியதில்லை. நண்பர்களிடம் முகவரி வாங்க வேண்டியதில்லை, பழைய வகுப்பறையை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இங்கேயும் யாரையும் புதிதாகத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. எல்லோரும் பாராட்டிய அந்த நிதானம், ரயில் நிலையத்தில் காத்திருப்பவனின் நிதானம். இடம் மாறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நாங்கள் சொல்லும் யோசனைகள் எல்லாம், முன்கூட்டியே சொல்லுங்கள், புதுப் பள்ளியை முதலில் காட்டுங்கள், அறையில் எதை எங்கே வைப்பது என்று அவர்களையே தீர்மானிக்க விடுங்கள், பழைய நண்பர்களோடு பேச விடுங்கள் என்பவை எல்லாம், பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று எங்கள் கையேட்டில் ஒரு வரி இல்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மதிப்பெண் குறைந்தது. பக்கத்து இருக்கைப் பையனோடு சண்டை போட்டு, இருவரும் தலைமையாசிரியர் அறை வரை போனார்கள். "நன்றாக இருந்த பையன்" என்று வகுப்பாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இருந்தது. நானோ, சண்டை போடுமளவுக்காவது ஒருவனைத் தெரிந்துகொண்டானே என்று நினைத்தேன். இப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது, அதனாலேயே அதை முழுதாக நம்ப முடியவில்லை. அதற்குப் பின் அவன் என் அறைக்கு வரவே இல்லை. இரண்டு முறை சொல்லி அனுப்பியும் வரவில்லை. நடைபாதையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வான், அவ்வளவுதான். வீட்டில் யாரும் சொல்லாததை ஒரு வெளியாளின் முகத்தில் படித்த கோபமாக இருக்கலாம். அல்லது வாயால் சொல்லத் துணியாததற்கான கோபமாக இருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்தால், மௌனமாக இருந்தது சரியா என்றாவது எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுகிறேன்: "பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" நான் செய்தது சரி என்றால் இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கே தோன்றுவதுண்டு. சென்ற வாரம் ஓர் அம்மா, "இப்போதைக்கு அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்" என்றார். சரி என்றேன். நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மகளை என்னிடம் அனுப்புவதா என்று யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.