தாராவியில் எந்தக் கதவை முதலில் தட்டுவது?

உதவி யாருக்கு முதலில் தேவை என்று வீடுவீடாகக் கணக்கெடுக்கும்போது, வார்டு சராசரியை நம்பினால் மும்பை தாராவியில் ஏமாந்துதான் போவோம். 90 அடி சாலை ஓரத்து மாடிவீடும் உள்சந்துத் தகரக்கொட்டகையும் ஒரே கணக்கில் வந்துவிடும். சந்துவாரியாக எடுங்கள். கேள்விகள் நான்கு போதும்: கூலி நிலையானதா, குழாய் வீட்டுக்குள்ளா, ரேஷன் கிடைக்கிறதா, பள்ளி நின்ற பிள்ளை உண்டா. பாதகமான பதிலுக்கு ஒரு புள்ளி; புள்ளி கூடிய வீட்டுக்கே முதலில் உதவி.

6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைக்கு இடது மேற்கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு, புள்ளியெல்லாம் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தொங்கியபடி அளக்க வேண்டும். நாடாவை இறுக்கினால் அளவு குறைத்துக் காட்டும்.

பூட்டிய வீட்டை 'ஆளில்லை' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தப்பு. கூலிக்குப் போனவர்கள் அவர்கள்தான். இரவு எட்டு மணிக்குமேல் மறுபடி போங்கள். மே மாதம் வேண்டாம், பாதிச் சந்து விடுமுறைக்குச் சொந்த ஊரான திருநெல்வேலியில் இருக்கும்.