சாப்பிட்ட பிறகு பேன் 40 கேட்பவர்களுக்கு

மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் நெஞ்சைத் தடவிக்கொண்டே வருவார்கள். "அக்கா, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க, பேன் 40 இருந்தா நல்லது." அப்போதுதான் கறிதோசை சாப்பிட்டிருப்பார்கள். மாத்திரை உள்ளே போனதும் எரிச்சல் அடங்கிவிடும் என்று நம்புகிறார்கள். அடங்காது.

பேன் 40இல் இருக்கும் பேன்டோப்ரசோல், வயிற்றுக்குள் இருக்கும் அமிலத்தை நேராகத் தணிக்கிற மருந்தே இல்லை. குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, வயிற்றுச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்குப் போய், அங்கே அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பம்புகளை அடைக்கிறது. அந்தப் பம்புகள் மும்முரமாக ஓடுவது சாப்பாடு வரும்போதுதான். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். கடித்தோ பொடித்தோ போட்டால் மேல் பூச்சு போய், வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

உடனே எரிச்சல் அடங்க டைஜீன், ஜெலுசில் போன்ற திரவ மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே சுரந்த அமிலத்தைச் சில நிமிடங்களில் தணிக்கும். அவ்வளவுதான், சீக்கிரமே பலன் போய்விடும். ஈனோவில் சோடியம் அதிகம், பிரஷர்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இவற்றுக்கு நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

பெரியவர்கள் இன்னமும் ரேன்டாக்தான் கேட்பார்கள். அதிலுள்ள ரானிடிடினில் புற்றுநோய் அபாயமுள்ள மாசு இருப்பது 2019இல் தெரிந்தது. அமெரிக்கா 2020இல் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. இந்தியா 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே வகையைச் சேர்ந்த ஃபாமோடிடின் ராத்திரி எதுக்களிப்புக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் தினமும் போட்டால் கொஞ்ச நாளில் பலன் குறைந்துவிடும்.

எங்கள் தெருமுனைப் பரோட்டா மாஸ்டர் காலையில் வெறும் வயிற்றில் ஒழுங்காகப் பேன் 40 போட்டு வந்தார். ஆனாலும் விடியற்காலையில் புளிச்ச தண்ணி தொண்டைவரை வந்து எழுப்பிவிடும். கடை சாத்தி, ஒரு மணிக்குச் சால்னாவோடு சாப்பிட்டு, அப்படியே பாயை விரிப்பவர். நான் டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் மருந்தை மாற்றவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார். இப்போது கல் சூடேறும் முன் சாயங்காலம் ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்குச் சாப்பாடு. "ராத்திரி முழுசாத் தூங்குறேன்க்கா" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று, பேன் டி. 'டி' இருந்தால் பவர் அதிகம் என்று நினைக்கிறார்கள். அது டோம்பெரிடோன், குமட்டலுக்கான மருந்து. இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் ஐரோப்பாவில் 2014இலேயே கட்டுப்பாடு போட்டார்கள். இங்கே வருஷக்கணக்கில் சீட்டில்லாமல் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் மாத்திரை மாற்றிப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்துக்கொண்டு யாராவது வந்து கேஸ் மாத்திரை கேட்டால் எதுவும் விற்க மாட்டேன். உட்கார வைத்து 108ஐக் கூப்பிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கவனிப்பேன்.