சிவப்பு இல்லமும் ஒரு ஐஸ்பழமும்

மலர்க்குழுத் தம்பி ஒருவர் ரெலிபோன் எடுத்து, "அண்ணை, பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ" என்றார். எனக்கு முதலில் நினைவு வந்தது 1982 பெப்ரவரியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி முடிந்த பின்னேரம்தான்.

அப்போது எனக்கு 14 வயது. எங்கள் பள்ளியில் மாணவர்களை விளையாட்டுக்காக நான்கு இல்லங்களாகப் பிரித்த விதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சேர்விலக்கத்தை நான்கால் வகுத்து, மிச்சம் வருவதைப் பார்ப்பார்கள். எனக்கு மிச்சம் ஒன்று, அதனால் சிவப்பு. பக்கத்து வீட்டு நண்பனுக்கு மிச்சம் இரண்டு, அவன் நீலம். ஒரே சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்குமாய் இருந்து பள்ளிக்கு வந்த நாங்கள், போட்டி வாரம் வந்தால் தனித்தனியாக நடந்தே வருவோம். இல்ல அலங்காரத்துக்கு எங்கே தென்னோலை வெட்டுகிறோம் என்பதுகூட இராணுவ ரகசியம்.

அந்த ஆண்டு வெற்றி எங்களுக்கு. கேடயமும் கைக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் அது நடந்தது. நலன்விரும்பி ஒருவர் பிள்ளைகளுக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் காசு தந்திருந்தார். வாசலில் ஐஸ்பழ வான் நிற்கிறது. விளையாட்டுக்குப் பொறுப்பான சேர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லா இல்லத்துக்கும் ஆளுக்கு இரண்டு வாங்கட்டோ, இல்லாட்டி சிவப்புக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று வாங்கட்டோ?"

"எங்களுக்கு மட்டும் ஒன்று, சேர்!" மைதானமே அதிரக் கத்தினோம். கூடக் கத்தியவன் நானாகத்தான் இருக்கும். சேர் தலையில் கை வைத்தார். பிறகு எல்லோருக்கும் இரண்டிரண்டு வாங்கித்தான் தந்தார். இரண்டையும் நக்கித் தின்றுகொண்டே எங்களுக்கு ஒரே மனக்குறை.

பதினாலு வருடம் கழித்து லண்டனில் இரவு வேலை பெற்றோல் நிலையத்தில், அதற்கு முன் மாலை வகுப்பு பேர்க்பெக் கல்லூரியில். உளவியல் படித்தேன். ஏன் படித்தேன் என்று கேட்காதீர்கள், மனைவி இன்னும் கேட்கிறாள். ஒருநாள் விரிவுரையில் ஹென்றி தாஜ்ஃபெல் என்பவருடைய பரிசோதனையை விளக்கினார்கள். எனக்கு அந்த ஐஸ்பழம் தொண்டையில் திரும்ப வந்தது.

பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஒன்றில் 14, 15 வயதுப் பையன்கள் 64 பேர். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு "நீ கூடுதலாக மதிப்பிடும் கூட்டம், நீ குறைவாக மதிப்பிடும் கூட்டம்" என்று பிரித்தார்கள். உண்மையில் அது கண்ணை மூடிக்கொண்டு செய்த பிரிவினைதான், எங்கள் சேர்விலக்கம் மாதிரி. இன்னொரு சுற்றில் க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்ற சாட்டில் பிரித்தார்கள். ஒவ்வொருவரும் தனியறையில் இருந்து மற்ற இருவருக்குக் காசு பங்கிட வேண்டும். அவர்களின் பெயர் தெரியாது. இலக்கமும் கூட்டமும் மட்டுமே தெரியும். தனக்கென்று ஒரு சதமும் எடுக்க முடியாது.

எப்படிப் பங்கிடுவது என்பதை அட்டவணையில் உள்ள சோடிகளில் ஒன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். ஒரு அட்டவணையின் ஒரு முனையில் நம்மவருக்கு 19, மற்றவருக்கு 25. மறுமுனையில் நம்மவருக்கு 7, மற்றவருக்கு 1. பையன்கள் நம்மவரின் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, இடைவெளி கூடட்டும் என்ற பக்கமே சாய்ந்தார்கள். அங்கே கேடயமும் இல்லை, பழைய பகையும் இல்லை. இவ்வளவு அற்பமான பிரிவினையில் பாரபட்சம் வராது, அதை அடித்தளமாக வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம் என்பதுதான் அவருடைய திட்டம். அடித்தளத்திலேயே பாரபட்சம் வந்து நின்றது. 1970இல் அதை வெளியிட்டார்.

அதுவரை, வெறுப்பு என்பது சில கோணல் மனிதர்களின் குணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அகப்படும் பொருளுக்காக மோதும்போதுதான் பகை வரும் என்று, 1954இல் சிறுவர் முகாமை வைத்து முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் காட்டினார். தாஜ்ஃபெல்லோ, பெயர் வைத்தாலே போதும், மனிதன் தன் மதிப்பின் ஒரு பங்கைக் கூட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறான் என்றார். ஜோன் ரேர்னர் (Turner) என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1979இல் அதைச் சமூக அடையாளக் கோட்பாடாக எழுதினார். இன்று இங்கே உயர்தர வகுப்பில் உளவியல் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

பேர்க்பெக்கின் பழைய மாணவர்தான் அவர் என்று அறிந்தபோது எனக்கு ஒரு சொந்தம் வந்தது. (பாருங்கள், கூட்டம் சேர்க்கும் புத்தி!) போலந்தில் 1919இல் பிறந்த யூதர். அங்கே யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு இறுக்கமாய் இருந்ததால் பிரான்சுக்கு இரசாயனம் படிக்கப் போனார். பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து 1940இல் ஜேர்மனியரிடம் பிடிபட்டார். போலந்து யூதர் என்பதை மறைத்தார், பிரெஞ்சுக்காரர் என்றே போர் முடியும்வரை இருந்தார். காவலாளியோடு எவ்வளவு நன்றாகப் பழகினாலும் அந்த ஒரு விவரம் வெளியே வந்திருந்தால் ஆள் முடிந்தார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் அநேகமாக எவருமில்லை. அகதிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை செய்தார். 32 வயதில் இங்கிலாந்தில் மாணவராகச் சேர்ந்து 1954இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு ஒக்ஸ்போர்ட், 1967 முதல் பிரிஸ்டலில் பேராசிரியர். அகதியாய் வந்து முப்பதுக்கு அருகில் கொப்பி பேனையோடு உட்கார்ந்த எனக்கு அந்த 32 என்ற எண் பெரிய தைரியம்.

அவர் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய ஆளில்லை. தம்மைச் சுற்றியிருந்த பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகள் பின்னாளில் பகிரங்கமாக வந்தன. அவர் பெயரில் இருந்த விருதுக்கு ஐரோப்பியச் சமூக உளவியல் சங்கம் 2019இல் வேறு பெயர் வைத்தது. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது.

இன்னொன்று. எங்கள் நாட்டில் நடந்ததையெல்லாம் ஐஸ்பழக் கணக்கில் விளக்கிவிடலாம் என்று சிலர் பேசுவார்கள். சட்டம், காணி, அதிகாரம், சரித்திரம் எல்லாம் எங்கே போயின? தாஜ்ஃபெல்லே அப்படிச் சொன்னவரில்லை. தனி மனித மனத்தைக் கொண்டு சமூகத்தை முழுக்க அளக்காதே என்றுதான் எழுதினார்.

அந்தப் போட்டி நடந்த அதே 1982இல், மே மாதத்தில் அவர் இறந்தார். நீல இல்லத்து நண்பன் இப்போது ரொறன்ரோவில். இந்தக் கதை முழுவதையும் ரெலிபோனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அஞ்சலோட்டத்திலை நீங்கள் கோல் மாத்தினது கோட்டுக்கு வெளியிலை" என்றான்.

போன கோடையில் எங்கள் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் சின்னப் பிள்ளைகளையும் நான்கு இல்லமாகப் பிரித்தார்கள். பேத்தி சீட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். விரித்துப் பார்த்தால் நீலம். மனைவி என் முகத்தையே பார்த்தாள். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், மேசையில் இருந்த தம்பியிடம், "சிவப்பிலை ஒரு இடம் இருக்கோ?" என்று கேட்டேன்.