லோவில் நிற்காத ஜீப்: ட்ரான்ஸ்பர் கேஸை மூன்றாம் முறை திறந்தபோது

இரண்டு ஆண்டுகளாக என்னை அலைக்கழித்த கேள்விக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்துவிட்டது. என்னிடம் இருப்பது 1968ஆம் ஆண்டு மகிந்திரா சிஜே3பி. லோ ரேஞ்சில் (மலைச் சரிவுக்கான மெதுவான, வலுவான கியர் நிலையில்) போட்டுச் சரிவில் இறங்கும்போது லிவர் தானாக நியூட்ரலுக்குத் தாவிவிடும். எஞ்சினின் பிடி அந்தக் கணமே போய்விடும். இந்த வண்டியில் கை பிரேக் டிரம், ட்ரான்ஸ்பர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்புற அவுட்புட் தண்டிலேயே இருப்பதால் நியூட்ரலிலும் அது பிடிக்கும். அந்த ஒரு ஏற்பாடு இரண்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

முதல் முறை பிரித்தபோது லிவர் நகர்த்தும் ரெயிலை (உள்ளிருக்கும் கம்பியை) அதன் இடத்தில் பிடித்துவைக்கும் குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் முறை கியரை நகர்த்தும் ஃபோர்க்கை மாற்றி, பின்மூடியில் ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து, அவுட்புட் தண்டின் ஆட்டத்தை 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தேன். ஆறு வாரத்தில் நோய் திரும்பிவிட்டது. இரண்டு முறையும் கியர்களை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் திருப்பிப் பார்த்து, “நன்றாகத்தான் இருக்கிறது” என்று உள்ளே வைத்திருக்கிறேன். பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது. தேய்ந்த பல்தான் நல்ல பல்லைவிட அதிகமாகப் பளபளக்கும்.

கழற்றும் வேலையை விவரிக்கப் போவதில்லை. பின்னால் பி.டி.ஓ. (வெளிக் கருவிகளுக்கு விசை எடுக்கும் வழி) மூடியைத் திறந்து நட்டைக் கழற்றுகிறவர்களுக்கு அது தெரியும். கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் கூடவே பின்னால் நழுவி வராமல் கம்பியால் கட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இந்த முறை கியர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு, கோவை கணபதியில் நாற்பது ஆண்டுகள் பல் வெட்டும் இயந்திரத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். “தம்பி, தேய்ந்த இடத்தைப் பிறகு பார்க்கலாம். தேயாத இடம் எங்கே இருக்கிறது, அதை முதலில் தேடுங்கள்” என்றார். என் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலேயே போயிற்று.

வழக்கமாக நாம் செய்வது, ஒரே பல்லின் இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுவது. முன்னோக்கி இழுக்கும் பக்கம் உழைத்த பக்கம், மறுபக்கம் ஓய்வில் இருந்த பக்கம். சமவெளியில் ஓடிய வண்டிக்கு அது பொருந்தும். என் ஜீப் போடிப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டில் பல ஆண்டுகள் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்தது. ஏற்றத்தில் ஒரு பக்கம் இழுத்தால், எஞ்சின் பிடியில் இறங்கும்போது மறுபக்கம் அதே சுமையைத் தாங்கியிருக்கும். இரண்டு பக்கமும் தேய்ந்த பல்லில் எதை எதனோடு ஒப்பிடுவது?

பெரியவர் காட்டியது பல்லின் ஓரம். என் சிலைடிங் கியரின் (லிவரைத் தள்ளினால் அவுட்புட் தண்டில் நகரும் கியர்) பல், லோவில் அது கோக்கும் சிறு கியரின் பல்லைவிடச் சற்று அகலம். ஆகவே ஒரு முனையில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு எதுவும் உரசாத ஒரு பட்டை மிஞ்சியிருக்கிறது. தொழிற்சாலையில் வெட்டியபோது இருந்த முகம் அதுதான். அங்கிருந்து உள்நோக்கி நகத்தை இழுத்தால் படி தட்டுகிறது. நகத்துக்குத் தட்டாத படியைப் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் கூர்முனைக் கம்பி பிடித்துக்கொடுக்கிறது. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பல்லை ஒட்டிக் கிடைமட்டமாக அடித்தால் அந்தப் படி நிழலாகவே தெரிகிறது.

படி இருக்கிறது என்பது பாதி விடைதான். அது பல்லின் நீளம் முழுவதும் ஒரே ஆழமா, இல்லையா? இதற்கு 5 மில்லிமீட்டர் டிரில் பிட் இரண்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதியை எதிரெதிர்ப் பல்லிடுக்குகளில் வைத்து, மேலே மைக்ரோமீட்டரால் அளந்தேன். ஒரு முனையில் ஓர் அளவு, மறுமுனையில் 0.18 மில்லிமீட்டர் குறைவு. எட்டு இடங்களில் அளந்தும் அதே கதை. பல் ஆப்பு போலச் சரிந்திருக்கிறது. ஆப்பின் மேல் சுமை ஏறினால் அது பக்கவாட்டில் வழுக்கத்தானே செய்யும்? எத்தனை புது ஸ்பிரிங் போட்டாலும் அந்தத் தள்ளலைத் தாங்காது. இரண்டு ஆண்டுக் கேள்விக்கு விடை இந்த 0.18தான். அளவு கிடைத்ததும் நெடுநேரம் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு நிம்மதி.

பல் ஏன் சரிவாகத் தேய்ந்தது என்பதற்கு இன்டர்மீடியட் கியர் (மெயின் ஷாஃப்ட் கியருக்கும் அவுட்புட் தண்டுக்கும் நடுவில் நின்று விசையைக் கடத்தும், பெரிதும் சிறிதும் ஒன்றாய்ச் சேர்ந்த இரட்டைக் கியர்) பதில் சொன்னது. அதன் சிறு கியர் லோ ரேஞ்சில் மட்டுமே உழைக்கும். அதன் பற்களில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தன, எல்லாம் ஒரு முனையை ஒட்டியே. சுமையால் சோர்ந்து வரும் குழிகள் பல் உயரத்தின் நடுவில், உருளும் கோட்டை ஒட்டி வரிசையாக விழும். துருவால் வரும் குழிகள் அப்படி வரிசை பார்ப்பதில்லை. தண்ணீர் கலந்த எண்ணெயில் வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால், மூழ்கியிருந்த பற்களில் மட்டும் கறுப்பாக, இரண்டு பக்கமும் சிதறி இருக்கும். என்னுடையது முதல் வகை. ஆனால் நடுவில் பரவாமல் ஒரு முனையில் மட்டும் ஏன்?

துளைக்குள் விரலை விட்டேன். இந்தக் கியரின் துளையே, ஊசி போன்ற உருளைகளைக் கொண்ட நீடில் பேரிங்கின் வெளி ஓடுபாதை என்பது இந்தப் பெட்டியைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். அதன் உள்முகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அந்தக் கியர் சுழலும் ஒன்றே கால் அங்குலத் தண்டிலும் ஊசிகள் ஓடிய தடம் நகத்தில் தட்டியது. 31.75 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 31.66. தண்டு தேய்ந்ததால் சுமையில் கியர் சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததால் பற்கள் ஒரு முனையில் மட்டும் முட்டி, அங்கே குழி விழுந்து, எதிரே இருந்த கியரையும் ஆப்பாக்கிவிட்டது. பல் அப்பழுக்கில்லாமல் இருந்திருந்தாலும் இந்தத் துளையோடு அந்தக் கியரை உள்ளே வைக்க முடியாது. முதல் முறையே நான் விரலை விட்டிருக்க வேண்டிய இடம் இது.

மற்ற இரண்டு கியர்களும் தப்பின. மெயின் ஷாஃப்ட் கியரில் சாம்பல் நிறப் பனிப்படலம் போல ஒரு மங்கல் மட்டும். கம்பி எங்கும் சிக்கவில்லை. அவுட்புட் கியரின் இரண்டு பற்களில் அடிப்பக்கம் கோடு போலத் தெரிந்ததால் சாயச் சோதனை செய்தேன். சிவப்புச் சாயம் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். சிவப்பு எங்கும் கசியவில்லை. விரிசல் இல்லை, கீறல்தான். சிலைடிங் கியரின் பல் நுனிகளும் உடைந்து மழுங்கியிருந்தன, ஓடும்போது லோவைத் தள்ளிய யாரோ ஒருவரின் கைவண்ணம். அது மட்டும் என்றால் எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சரிசெய்திருப்பேன்.

சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. 1941இல் வில்லிஸ் ஜீப்பில் தொடங்கிய இந்த ஸ்பைசர் 18 வகைப் பெட்டியில் ஹை ரேஞ்சிலும் (வழக்கமான ஓட்டத்துக்கான நிலையிலும்) விசை இன்டர்மீடியட் கியர் வழியாகத்தான் போகிறது. அதனால் ஆரோக்கியமான பெட்டியும் பாடும்.

கியர் வாங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். ஒரு கடையில் இன்டர்மீடியட் கியரைப் ‘புத்தம் புதியது’ என்று பளபளப்பான காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பல்லின் ஓரத்தில் அரத்தை வைத்தால், வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கடித்தது. கடினப்படுத்திய பல்லில் அரம் வழுக்க வேண்டும். இரும்பை வெட்டி முலாம் பூசி விற்றிருக்கிறார்கள். மலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டியிலும் இதைத்தானே மாட்டுவார்கள் என்று நினைத்தால் கோபம் அடங்கவில்லை. இனி அரம் இல்லாமல் கடைக்குப் போவதாக இல்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய அசல் செட் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அசல் பழையது, போலிப் புதியதைவிட ஆயிரம் மடங்கு மேல். அங்கே கிடைக்காவிட்டால் தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளுக்கு எழுத வேண்டும். எங்கே வாங்கினாலும் சிலைடிங் கியரையும் இன்டர்மீடியட் கியரையும் ஜோடியாகவே வாங்குவேன். ஆப்பான பல்லோடு நல்ல பல்லைக் கோத்தால் நல்லதும் ஆப்பாகும்.

இதற்கிடையில் மனம் ஓவர்டிரைவ் பக்கம் ஓடுகிறது. பின்புற பி.டி.ஓ. மூடி இருக்கும் இடத்திலேயே பொருந்தும் வார்ன் ஓவர்டிரைவ் ஒன்றை அமெரிக்காவில் இந்தப் பெட்டிக்காகவே செய்தார்கள். எஞ்சின் வேகத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கும். போடிக்கு நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சின் அலறாமல் இருக்கும். விலையை விசாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

புதிய தண்டும் நீடில் பேரிங்குகளும் வந்துவிட்டன. தண்டை மைக்ரோமீட்டரில் பார்த்தேன், மூன்று இடத்திலும் 31.75. வெண்கல த்ரஸ்ட் வாஷர்கள் நாளை வருகின்றன. தப்பிய இரண்டு கியர்களும் எண்ணெய் தடவிய செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் இருக்கின்றன. காலிப் பெட்டி மேசை மேல் கவிழ்ந்து கிடக்கிறது. சனிக்கிழமை அதிகாலை ரயிலில் புதுப்பேட்டை போகிறேன். பையில் அரம், கூர்முனைக் கம்பி, மைக்ரோமீட்டர், இரண்டு டிரில் பிட்டுகள்.