புகையின் கணக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பயிற்சிக் கணக்காக, செவ்வாய்க்குப் போன மங்கள்யான் விண்கலத்தைக் கொடுத்தார்கள். 2013 டிசம்பர் 1, நள்ளிரவு தாண்டி அதன் 440 நியூட்டன் என்ஜின் சுமார் 22 நிமிடம் எரிந்து, வேகத்தை நொடிக்கு 648 மீட்டர் கூட்டியது. பூமியின் பிடியை விட்டுக் கிளம்பியது அந்த எரிப்பில்தான்.

உந்தக் கணக்கு (நிறை பெருக்கல் வேகம்) உடனே சரிவந்தது. ஆற்றல் கணக்குதான் இடித்தது. நின்ற இடத்திலிருந்து அந்த 648-ஐ எட்டினால், கலத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைப்பது 0.21 மெகாஜூல். பூமிக்கு மிக அருகில், நொடிக்குச் சுமார் 10.8 கிலோமீட்டரில் பறக்கையில் அதே 648-ஐக் கூட்டினாலோ 7.2 மெகாஜூல். எரிபொருள் அதே அளவுதான். மீதி எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் சூத்திரத்தில் பிழை தேடினேன்.

மூத்த பொறியாளர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "கலத்துக்கு மட்டும் வரவு எழுதியிருக்கீங்க தம்பி. புகைக்கு எங்க?"

அன்று சாயங்காலம் எழுதினேன். அந்த வகை என்ஜினில் புகை பின்னோக்கிப் பீறிடும் வேகம் நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். கலமே 10.8-இல் ஓடுவதால், பூமியிலிருந்து பார்த்தால் புகையும் முன்னால்தான் போகிறது, 7.8-இல்! இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. தொட்டியில் இருந்தபோது ஒரு கிலோ எரிபொருளின் இயக்க ஆற்றல் 58.3 மெகாஜூல். வெளியேறிய பின் 30.4. அது விட்டுப்போன 27.9-உடன், எரிந்ததில் புகையின் வேகமாக மாறிய 4.5-ஐச் சேர்த்தால் 32.4. கலத்துக்குச் சேர வேண்டியது, அதன் வேகத்தை ஒரு கிலோ புகை தரும் உந்தத்தால் பெருக்கியது: 10.8 பெருக்கல் 3, அதாவது 32.4. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரிபொருளுக்கு அந்த 58 மெகாஜூலைக் கொடுத்தவை பிஎஸ்எல்வி ராக்கெட்டும், முந்தைய எரிப்புகளும், பூமியை நோக்கி விழும்போது ஈர்ப்பும். சுற்றுப்பாதையில் பூமிக்கு மிக அருகே, வேகம் உச்சத்தில் இருக்கும் அண்மைப்புள்ளியில் என்ஜினைப் பற்றவைப்பது இதற்காகத்தான். ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த்தின் பெயரால் வழங்கும் விளைவு இது.

இப்போது புதியவர்களின் தாள்கள் என்னிடம் வருகின்றன. சென்ற மாதம் ஒரு பெண் நாசாவின் டான் விண்கலத்தின் அயனி என்ஜினை எடுத்திருந்தார். அதில் புகைக்குப் பதில் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டரில் பாய்ந்தன. உந்துவிசை மாறாமல் பாயும் வேகம் பத்து மடங்கானால் எரிபொருள் பத்தில் ஒரு பங்கு போதும், திறனோ பத்து மடங்கு வேண்டும். 90 மில்லிநியூட்டனுக்கே அயனித் தாரைக்கு மட்டும் 1,350 வாட் என்று எழுதியிருந்தார். புகைக்கு முதல் பத்தியிலேயே இடம் ஒதுக்கியிருந்தார். அவர் மேசைக்கே போய்ப் பாராட்டிவிட்டு வந்தேன்.