சும்கயித், 1988: ஆர்மீனியர் மீது நடந்த வன்முறையை அந்தந்தத் தேதியில் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு

பிப்ரவரி 20
1988இல் இது சனிக்கிழமை. சோவியத் அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகோர்னோ-கராபக்கின் வட்டார சோவியத் (மன்றம்) 110க்கு 17 என்று வாக்களித்தது: எங்களை அஜர்பைஜானிலிருந்து எடுத்து ஆர்மீனியாவோடு சேருங்கள். மாஸ்கோ மறுத்துவிட்டது.

பிப்ரவரி 22
கராபக்கில் அஸ்கெரான் அருகே மோதல். அஜர்பைஜானிய இளைஞர் இருவர் பலி.

பிப்ரவரி 27
சும்கயித் கராபக்கிலிருந்து வெகுதூரம். பாகுவுக்கு வடக்கே சுமார் 30 கி.மீ., காஸ்பியன் கரையில் இருக்கும் ரசாயன ஆலை ஊர். ஒரு நாளாகவே சதுக்கத்தில் கூட்டம் சூடேறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து சோவியத் துணைத் தலைமை வழக்கறிஞர் காதுசெவ், செத்த இருவரின் பெயரையும் ஒலிபரப்பில் வாசித்தார். கேட்ட மாத்திரத்தில் முஸ்லிம் பெயர்கள், அதாவது அஜர்பைஜானியர் என்று தெரியும். ஒருவரைச் சுட்டது அஜர்பைஜானியப் போலீஸ்காரர்தான் என்ற பேச்சும் உண்டு. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்று மாலையே அடிதடி தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 28
ஞாயிறு. நகரக் கட்சிச் செயலாளர் முஸ்லிம்சாதே கொடியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கடற்கரைப் பக்கம் திருப்பப் பார்த்தார். தலை அவர் பின்னால் போனது. வால் அறுந்து ஆர்மீனியர் வீடுகளுக்குள் புகுந்தது.

வழியில் மறித்தவர்களிடம் 'ஃபுந்துக்' என்று சொல்லச் சொன்னார்கள். அஜர்பைஜானியில் கொட்டைப் பருப்பு வகை ஒன்றின் பெயர். ஆர்மீனியர் நாக்கில் 'ஃப' 'ப'வாகிவிடும் என்பது கணக்கு. ஒரு எழுத்தில் உயிர்.

கையில் இருந்தவை ஆலைக் குழாய்த் துண்டுகள், கூராக்கிய இரும்பு. இரும்பைத் தீட்ட நேரம் வேண்டுமே? 'திடீர் ஆவேசம்' என்ற விளக்கம் எனக்கு இங்கேதான் இடிக்கிறது. அதே மாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டு அஜர்பைஜானியர் ஆர்மீனியரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் நடந்தது.

உள்துறைப் படை வந்தது, தடியோடும் வெற்றுத் தோட்டாவோடும். சுட உத்தரவில்லை என்று கூட்டத்துக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சிப்பாய்களில் நூறு பேருக்கு மேல் காயம்.

பிப்ரவரி 29
கடற்படைச் சிப்பாய்களும் பாராசூட் படையும் இறங்கி, ஊரடங்கு போட்ட பிறகே அடங்கியது. ஆயிரக்கணக்கான ஆர்மீனியர் சதுக்கத்துப் பண்பாட்டு மாளிகையில் காவலுக்குள் கிடந்தார்கள்.

மார்ச் 1
அரசுக் கணக்கில் 32 சாவு: ஆர்மீனியர் 26, அஜர்பைஜானியர் 6. ஆர்மீனியர் தரப்பு இதை ஒருபோதும் நம்பியதில்லை. படை மூன்று மணி நேரம் பிந்தாதிருந்தால் இது நடந்திருக்காது என்று ஜூலையில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சொன்னார். அவர் மூன்று மணி என்கிறார். அடி தொடங்கியது சனி மாலை, அடங்கியது திங்கள்.

வழக்கை ஒன்றாக நடத்தவில்லை. துண்டு துண்டாக வெட்டி, பல ஊர் நீதிமன்றங்களுக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் மாஸ்கோவில் சோவியத் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது மூன்று பேரை மட்டும். அதில் ஒருவருக்கு மரண தண்டனை.